நபர்மைய உளவளத்துணை: முதல் அமர்விலிருந்து விடைபெறும் வரை

பேச்சு வழக்கில் கவுன்சலிங் எனப்படும் உளவளத்துணையில் பல மரபுகள் உண்டு. அவற்றுள் நபர்மைய முறைக்குப் புதிதாகச் செல்பவரைத் திகைக்க வைப்பவை, அங்கே நடக்காத காரியங்கள்தாம். உளவளத்துணையாளர் நோய்க்குப் பெயர் சூட்டுவதில்லை. பால்ய கால நினைவுகளைத் துருவித் துருவிக் கேட்பதில்லை. இன்னதைச் செய்யுங்கள் என்று சொல்வதில்லை. அடுத்த வாரத்துக்கு வீட்டுப்பாடமும் தருவதில்லை. உதவி நாடி வரும் துணைநாடி தான் விரும்பியதைப் பேசலாம்; எதிரே இருப்பவர் அதைப் புரிந்துகொள்ள முயல்கிறார். வெளியிலிருந்து பார்க்கையில் இது வெறும் ஆறுதல் பேச்சாகத் தோன்றும். ஆனால் இந்தத் தவிர்ப்புகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் 1940-களில் தொடங்கி ஒலிப்பதிவு, அளவீடு, ஒப்பீட்டு ஆய்வு ஆகியவற்றின் துணையோடு வளர்ந்த ஒரு கோட்பாடு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டவருக்கு முதல் சில வாரங்களின் குழப்பம் பெரிதும் குறையும்.

முறை பிறந்த கதை

இம்முறையை உருவாக்கியவர் கார்ல் ராஜர்ஸ். 1902-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரை ஒட்டிய ஓக் பார்க்கில் பிறந்தார். வேளாண்மை படிக்கத் தொடங்கி, வரலாற்றுக்கு மாறி, இறையியல் கல்லூரியில் சேர்ந்து, கடைசியில் உளவியலுக்கு வந்தவர். 1928 முதல் 12 ஆண்டுகள் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சங்கத்தில் பணியாற்றினார்.

அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியை அவர் பின்னாளில் தம் நூலில் விவரித்திருக்கிறார். அடங்காத சிறுவன் ஒருவனின் தாயோடு பல வாரங்கள் பேசினார். தாய் மகனை மனத்தளவில் ஒதுக்கிவிட்டதே சிக்கலின் வேர் என்பது அவருடைய கணிப்பு. அதை எத்தனை விதமாக எடுத்துச் சொல்லியும் பலனில்லை. முயற்சியைக் கைவிடலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். வாசல் வரை போன அந்தப் பெண் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே உளவளத்துணை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் மீண்டும் வந்து அமர்ந்து, தம் மணவாழ்வின் துயரத்தைக் கொட்டத் தொடங்கினார். அவர் அதுவரை ஒழுங்காகச் சொல்லிவந்த குடும்ப வரலாற்றில் இதில் எதுவும் இல்லை. உண்மையான சிகிச்சை அப்போதுதான் தொடங்கியது. மகனின் நடத்தையும் பின்னர் சீரடைந்தது. எங்கே வலிக்கிறது, எந்தத் திசையில் போக வேண்டும் என்பது துணைநாடிக்கே தெரியும் என்ற முடிவுக்கு ராஜர்ஸ் வர, இத்தகைய அனுபவங்கள் காரணமாயின.

1940 டிசம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் இந்த எண்ணங்களை முதன்முறையாகத் தொகுத்து முன்வைத்தார். 1942-இல் வெளிவந்த நூலில் எட்டு அமர்வுகள் கொண்ட ஒரு முழுச் சிகிச்சையை இசைத்தட்டுகளில் பதிவு செய்து சொல்லுக்குச் சொல் அச்சிட்டிருந்தார். சிகிச்சையாளரின் நினைவுக் குறிப்பை மட்டுமே நம்பியிருந்த துறையில் இது பெரிய மாற்றம். அறைக்குள் உண்மையில் என்ன பேசப்படுகிறது என்பதை மற்றவர்களும் ஆராய அப்போதுதான் வழி பிறந்தது.

கோட்பாட்டின் அடித்தளம்

உயிருள்ள எதுவும் சூழல் அனுமதிக்கும் அளவுக்குத் தன் ஆற்றல்களை வளர்த்துக்கொள்ள முனைகிறது என்பது ராஜர்ஸின் முதல் கருத்து. சிறுவயதில் வீட்டின் நிலவறையில் குளிர்காலத்துக்காகச் சேமித்த உருளைக்கிழங்குகளை அவர் இதற்கு எடுத்துக்காட்டினார். மண்ணும் நீரும் இல்லாத இருட்டில்கூட அவை வெளிறிய முளைகளை விட்டு, தொலைவிலிருந்த சன்னல் வெளிச்சத்தை நோக்கி நீண்டன. முளை கோணலாக இருப்பதற்குக் காரணம் கிழங்கின் குறை அல்ல, அது கிடந்த இடம்.

மனிதர்கள் வளரும் இடத்தில் கிடைக்கும் பாராட்டும் பாசமும் பெரும்பாலும் நிபந்தனையோடு வருபவை. முதல் மதிப்பெண் வாங்கினால் நல்ல பிள்ளை. அழாமல் இருந்தால் தைரியசாலி. எதிர்த்துப் பேசாவிட்டால் அடக்கமானவள். இவற்றை மதிப்பின் நிபந்தனைகள் என்றார் ராஜர்ஸ். குழந்தை நாளடைவில் இவற்றைத் தன் அளவுகோலாகவே ஆக்கிக்கொள்கிறது. கோபம் கூடாது என்று பழகியவர் கோபம் வரும்போது அதைக் கோபமாக உணராமல் தலைவலியாகவோ களைப்பாகவோ குற்ற உணர்ச்சியாகவோ உணர்கிறார். தன்னைப் பற்றி ஒருவர் கொண்டிருக்கும் படிமத்துக்கும் அவர் உள்ளுக்குள் உண்மையில் அனுபவிப்பதற்கும் இடையே இப்படி விழும் இடைவெளியே பதற்றத்துக்கும் சோர்வுக்கும் மூலம் என்கிறது கோட்பாடு.

இடைவெளி நிபந்தனைகளால் உண்டானது என்றால், நிபந்தனையில்லாத உறவில் அது குறைய வேண்டும். அறிவுரை, மதிப்பீடு, நோயறிதல் ஆகியவற்றை நபர்மைய முறை தள்ளிவைப்பதன் தர்க்கம் இதுதான். நல்ல எண்ணத்தோடு சொல்லும் அறிவுரையும், இப்படி நடந்தால்தான் சரி என்ற இன்னொரு நிபந்தனையாகத் துணைநாடியின் காதில் விழக்கூடும்.

1957-இல் வெளியான கட்டுரையில் ஆளுமை மாற்றத்துக்குத் தேவையான ஆறு நிலைமைகளை ராஜர்ஸ் வரையறுத்தார். இருவருக்கிடையே உளத் தொடர்பு இருக்க வேண்டும். துணைநாடி உள்ளுக்கும் வெளிக்கும் பொருந்தாத, பதற்றமான நிலையில் இருக்க வேண்டும். துணையாளர் அந்த உறவில் போலித்தனமின்றி இருக்க வேண்டும். துணைநாடியை நிபந்தனையின்றி ஏற்க வேண்டும். அவருடைய உலகை அவருடைய கண்ணால் காணும் ஒத்துணர்வு கொண்டிருக்க வேண்டும். ஆறாவதாக, இந்த ஏற்பும் ஒத்துணர்வும் துணைநாடிக்குக் கொஞ்சமாவது எட்ட வேண்டும். பாடநூல்கள் துணையாளரின் பண்புகளான மூன்றையே விரிவாகப் பேசினாலும், புதிதாகச் செல்பவருக்கு ஆறாவதுதான் முக்கியம். துணையாளர் எவ்வளவு கனிவானவராக இருந்தாலும், அது தனக்கு உறைக்கவில்லை என்று துணைநாடி உணர்ந்தால் முறை வேலை செய்யாது.

முதல் அமர்வு

பெரும்பாலும் வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், 50 நிமிடம் என்பது நடைமுறை. முதல் அமர்வின் ஒரு பகுதி ஒப்பந்தம் பேசுவதில் கழியும்: எத்தனை அமர்வுகள், கட்டணம் எவ்வளவு, வர முடியாவிட்டால் எப்போது தெரிவிக்க வேண்டும், குறிப்புகள் எங்கே வைக்கப்படும் என்பவை இதில் அடங்கும். இரகசியம் காக்கப்படும் என்ற உறுதியோடு அதன் எல்லையும் அப்போதே சொல்லப்படும். துணைநாடியின் உயிருக்கோ பிறர் உயிருக்கோ கடும் ஆபத்து, குழந்தை ஒன்று துன்புறுத்தப்படுவது, நீதிமன்ற ஆணை போன்றவை விதிவிலக்குகள். துணையாளர் தம் பணியை அனுபவமிக்க ஒரு மேற்பார்வையாளரிடம் தவறாமல் கலந்து பேசுவார் என்பதும் தெரிவிக்கப்படும். துணைநாடியின் அடையாளத்தை மறைத்துத்தான் அந்தப் பேச்சு நடக்கும்.

இம்முறை வேரூன்றியுள்ள நாடுகளில் பிரிட்டன் ஒன்று. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை நடத்தும் பேச்சுச் சிகிச்சைத் திட்டத்தில் மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமலே ஒருவர் தானாகப் பதிவு செய்துகொள்ளலாம். அங்கே ஒவ்வொரு அமர்விலும் இரண்டு வினாப்படிவங்களை நிரப்பச் சொல்வார்கள். மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 ஒன்பது கேள்விகளும் 27 புள்ளிகளும் கொண்டது. பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 ஏழு கேள்விகளும் 21 புள்ளிகளும் கொண்டது. உயிருக்கு ஆபத்து உண்டா என்றும் நேரடியாகக் கேட்பார்கள். தனியாகத் தொழில் செய்யும் நபர்மையத் துணையாளர்களோ பெரும்பாலும் இத்தகைய அளவீட்டைத் தவிர்க்கிறார்கள். பிரிட்டனில் கவுன்சலர் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளச் சட்டம் தடை சொல்வதில்லை. எனவே பயிற்சியையும் தொழில்முறைச் சங்கப் பதிவையும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது வழக்கம். அப்படிக் கேட்பது அவமதிப்பு ஆகாது.

ஏற்பாடுகள் முடிந்ததும், எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பதுபோல் ஒரு வாக்கியம் வரும். அதற்குப் பின் வரும் அமைதிதான் பலருக்கு மிகக் கடினமான கணம். கேள்வி கேட்டால் பதில் சொல்லலாம் என்று காத்திருப்பவருக்குக் கேள்வி வருவதில்லை. எதைச் சொல்ல வேண்டும் என்று முன்னேற்பாடு செய்துகொண்டு போவதில் தவறில்லை. எதுவும் இல்லாமல் போவதிலும் தவறில்லை. என்ன சொல்வதென்று தெரியவில்லை என்பதுகூட நல்ல தொடக்கம்தான். கையில் குறிப்பேடு, மேசைக்குப் பின்னால் மருத்துவர் என்ற அமைப்பும் அங்கே இருக்காது. ஏறக்குறைய சம உயரமுள்ள இரண்டு நாற்காலிகள், எட்டத்தில் ஒரு கடிகாரம், கைக்கெட்டும் இடத்தில் காகிதக் கைக்குட்டை ஆகியவைதாம் வழக்கமான தளவாடங்கள்.

பேச்சு நடக்கும் விதம்

அலுவலகத்தில் எல்லாரும் பாராட்டுகிறார்கள், வீட்டுக்கு வந்தால் எதிலுமே மனம் ஒட்டவில்லை என்று ஒருவர் சொல்வதாகக் கொள்வோம். நண்பர் கேட்டால், நாலு நாள் எங்காவது போய்வா என்பார். மருத்துவர் கேட்டால், தூக்கம் எப்படி, பசி எப்படி என்று விசாரிப்பார். நபர்மையத் துணையாளரோ, “வெளியே வரும் பாராட்டு உள்ளே வந்து சேரவே மாட்டேன் என்கிறது, அப்படியா?” என்பதுபோல், தாம் புரிந்துகொண்டதைத் திரும்ப வைத்துப் பார்ப்பார். துணைநாடி சற்று யோசித்து, “இல்லை, வந்து சேர்கிறது. ஆனால் அது எனக்கு உரியதில்லை என்று தோன்றுகிறது” என்று திருத்தலாம். இந்தத் திருத்தம்தான் எதிர்பார்க்கப்படும் பலன். முதலில் சொன்னதைவிடத் துல்லியமான ஒன்று துணைநாடியின் வாயிலிருந்தே வந்துவிட்டது.

இந்தப் பழக்கத்தைச் சிலர் கிளிப்பிள்ளைப் பேச்சு என்று கேலி செய்ததுண்டு. துணைநாடி சொன்ன கடைசிச் சொற்களை அப்படியே ஒப்பிப்பதாக அது சீரழிந்ததைக் கண்டு ராஜர்ஸே வருந்தினார். தாம் செய்வது உணர்ச்சியைப் பிரதிபலிப்பது அல்ல, தமது புரிதல் சரிதானா என்று சோதிப்பது என்று 1986-இல் எழுதினார். அவ்வாறு சோதிப்பவர் தவறாகப் புரிந்துகொள்ளவும் கூடும். அதைத் திருத்தும் உரிமை துணைநாடிக்கு எப்போதும் உண்டு.

நேரடியாக அறிவுரை கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று, 1964-இல் படமாக்கப்பட்டு மறு ஆண்டு வெளியான ஒரு பயிற்சிப் படம். மணவிலக்குப் பெற்ற குளோரியா என்ற பெண் மூன்று சிகிச்சையாளர்களிடம் அடுத்தடுத்துப் பேசினார். அவர்களில் ராஜர்ஸும் ஒருவர். தம் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி மகள் கேட்டபோது பொய் சொல்லிவிட்டதாகவும், உண்மையைச் சொன்னால் மகள் பாதிக்கப்படுவாளா என்று ராஜர்ஸ் சொல்ல வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். ராஜர்ஸ் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் இல்லை. பதில் தர விருப்பம் இருந்தாலும், அந்தரங்கமான இந்தக் கேள்விக்குத் தம்மால் விடை தந்துவிட முடியாது என்று ஒப்புக்கொண்டு, இரு பக்கமும் இழுபடும் அவருடைய தவிப்பிலேயே உடன் நின்றார். அரை மணி நேரத்துக்குள் குளோரியா, மகளிடம் நேர்மையாக இருக்கவே தாம் விரும்புவதைத் தாமே சொல்லத் தொடங்கினார்.

மௌனமும் இம்முறையில் பேச்சின் பகுதி. ஓரிரு நிமிடம் யாரும் பேசாமல் இருந்தால் துணையாளர் உடனே இட்டு நிரப்ப மாட்டார். அழுதால் தடுக்க மாட்டார். எதையும் வற்புறுத்தி வரவழைக்கவும் மாட்டார்; ஒரு விஷயத்தைச் சொல்லாமலே வைத்துக்கொள்வதும் துணைநாடியின் முடிவு. இத்தனைக்கும் அவர் உணர்ச்சியற்ற கண்ணாடி அல்ல. உண்மையாக இருப்பது மூன்று பண்புகளில் ஒன்று என்பதால், குழப்பமாக இருந்தால் குழப்பமாக இருக்கிறது என்று சொல்வார். துணைநாடியின் நன்மைக்கு உதவும் என்றால் தம் மனத்தில் எழுந்ததையும் பகிர்வார். தம் சொந்தக் கதையைச் சொல்ல மட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்.

மாற்றம் வரும் வரிசை

ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்ட ராஜர்ஸ், மாற்றத்தை ஏழு கட்டங்களாகப் பிரித்தார். தொடக்கக் கட்டங்களில் ஒருவர் தன்னைப் பற்றியே பேசுவதில்லை; சிக்கலெல்லாம் வெளியில், பிறரிடத்தில் இருக்கும். பின்னர் பழைய உணர்ச்சிகள், முடிந்துபோன சம்பவங்களாகப் பேச்சில் வரும். நடுக் கட்டங்களில் அவை இப்போதே நிகழ்பவையாக, சற்று அச்சத்தோடு வெளிப்படும். பிந்திய கட்டங்களில் உணர்ச்சி எழும்போதே அதை அடையாளம் கண்டு ஏற்க முடிகிறது. நான் இப்படிப்பட்டவன் என்ற இறுகிய முடிவு தளர்கிறது. ஒரே ஆள் ஒரு விஷயத்தில் மூன்றாம் கட்டத்திலும் இன்னொன்றில் ஐந்தாம் கட்டத்திலும் இருக்கலாம். முதல் கட்டத்தில் இருப்பவர்கள் பொதுவாக உதவி தேடி வருவதே இல்லை.

சிகாகோவில் ராஜர்ஸோடு பணியாற்றிய தத்துவ அறிஞர் யூஜின் ஜெண்ட்லின் இதில் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டார். யாருக்குச் சிகிச்சை பலிக்கும் என்பது ஆரம்ப அமர்வுகளிலேயே அவர்கள் பேசும் விதத்தில் தெரிந்தது. பலன் பெற்றவர்கள் சரளமாகக் கதை சொன்னவர்கள் அல்லர். இடையில் நின்று, இன்னும் சொல்லாகாத ஏதோ ஒன்றை உடலில் தேடி, இல்லை, அப்படியில்லை என்று தடுமாறிச் சொல் பொறுக்கியவர்கள். இந்தத் திறனைக் கற்றுக்கொடுக்க முடியும் என்று கருதிய ஜெண்ட்லின் அதற்கான பயிற்சியை 1978-இல் நூலாக வெளியிட்டார். தெளிவாகப் பேச வரவில்லையே என்று கவலைப்படும் புதியவர்களுக்கு இது தெம்பு தரும் செய்தி.

இடையில் வரும் சங்கடங்கள்

முதல் சில அமர்வுகளுக்குப் பிறகு மனம் லேசாவது சிலருக்கு. முன்பைவிடக் கனப்பது வேறு சிலருக்கு. நெடுநாள் ஒதுக்கி வைத்ததைத் தொட்டால் சில நாள் தூக்கம் கெடுவதும் எரிச்சல் கூடுவதும் உண்டு. அமர்வு முடிந்த உடனே வேலைக்கு ஓடாமல் சிறிது நேரம் தனியே இருக்க இடம் வைத்துக்கொள்வது அதனால்தான் பயன்படுகிறது. முக்கியமான விஷயம் 48-ஆம் நிமிடத்தில், எழுந்திருக்கும்போது வாயில் வருவதும் சகஜம். அதைத் துணையாளர் மனத்தில் குறித்துக்கொள்வார். நேரத்தை நீட்ட மாட்டார்.

ஒன்றுமே நடக்கவில்லை என்ற ஏமாற்றமும், இவர் ஏன் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார் என்ற கோபமும் பலருக்கு வரும். அதை அறைக்குள்ளேயே சொல்லிவிடுவது நல்லது. மரியாதைக்காக அடக்கி வைத்தால், வெளியுலகின் பழைய நிபந்தனை அங்கேயும் வந்துவிட்டதாகத்தான் பொருள். கோபத்தைச் சொன்ன பிறகும் உறவு முறியவில்லை என்பதைக் காண்பது, கோபம் ஆபத்தானது என்று பழகியவருக்குப் புதிய அனுபவம்.

சங்கடம் எல்லாமே வளர்ச்சியின் அறிகுறி என்று கொள்வதும் தவறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பல வகை உளச்சிகிச்சை பெற்ற 14,000-க்கும் மேற்பட்டோரிடம் எடுத்த கணிப்பின் முடிவு 2016-இல் வெளியானது. ஏறக்குறைய 20 பேரில் ஒருவர் சிகிச்சையால் நீடித்த தீங்கு நேர்ந்ததாகக் கூறியிருந்தார். தமக்குத் தரப்பட்ட சிகிச்சை எந்த வகை என்றே தெரியாதவர்களிடம் இந்தப் புகார் கூடுதலாக இருந்தது. பல வாரங்கள் கழித்தும் நிலைமை மோசமாகிக்கொண்டே போனாலோ, தன்னை எடைபோடுகிறார் என்ற எண்ணம் நீடித்தாலோ வேறு துணையாளரை நாடுவது தோல்வி ஆகாது.

ஆய்வுகள் காட்டுவது

1954-இல் சிகாகோவில் ராஜர்ஸின் குழு வெளியிட்ட ஆய்வில் துணைநாடிகளிடம் தன்னைப் பற்றிய 100 கூற்றுகள் எழுதிய அட்டைகளைக் கொடுத்தார்கள். முதலில் நான் இப்படி இருக்கிறேன் என்றும், அடுத்து இப்படி இருக்க விரும்புகிறேன் என்றும் இரண்டு முறை அடுக்க வேண்டும். சிகிச்சைக்கு முன் இரண்டு அடுக்குகளுக்கும் இடையிலான சராசரி ஒட்டுறவு -0.01, அதாவது தொடர்பே இல்லை. சிகிச்சைக்குப் பின் அது 0.34 ஆனது. சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழுவிலோ இந்த எண் அசையவில்லை. கோட்பாடு சொன்ன இடைவெளி குறைவதை எண்ணால் காட்டிய முதல் முயற்சிகளில் இது ஒன்று.

பிரிட்டனில் 2000-இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வுள்ளவர்களுக்கு நபர்மைய வழியிலான உளவளத்துணையும், எண்ணங்களையும் பழக்கங்களையும் பயிற்சியால் மாற்ற முயலும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சையும் நான்கு மாத முடிவில் குடும்ப மருத்துவரின் வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் தந்தன. ஓராண்டு முடிவில் மூன்றும் ஒரே நிலைக்கு வந்துவிட்டன. ஷெஃபீல்ட் நகரில் 510 பேரைக் கொண்டு நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், மிதமான அல்லது கடுமையான மனச்சோர்வுக்கு, இம்முறையின் ஒரு வடிவமான நபர்மைய அனுபவச் சிகிச்சை ஆறு மாத முடிவில் சிந்தனை-நடத்தைச் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை. ஓராண்டு முடிவில் பின்னது சற்று முந்தியது. குறுகிய காலத்தில் இரண்டும் சமம், நெடுங்கால நிலைப்பில் கேள்வி எஞ்சுகிறது என்று இவற்றைத் தொகுக்கலாம்.

எல்லைகளும் தெளிவாக உண்டு. 1957-க்குப் பிறகு விஸ்கான்சின் மாநிலத்தில் மனச்சிதைவு நோயாளிகளிடையே ராஜர்ஸ் இம்முறையைச் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. மனச்சிதைவு, இருதுருவ நோய், தற்கொலை முனைப்பு, கடும் போதைப் பழக்கம் ஆகியவற்றில் மனநல மருத்துவம் முதலில் வர வேண்டும். உளவளத்துணை அதற்குப் பக்கத்துணையாகலாம். குறிப்பிட்ட ஒரு பொருளைக் கண்டு அஞ்சுவது, திரும்பத் திரும்பக் கை கழுவுவது போன்ற சிக்கல்களுக்குப் படிப்படியான பயிற்சி தரும் முறைகளே அதிகம் பரிந்துரைக்கப்படுகின்றன. பயிற்சியும் திட்டமும் வேண்டும் என்று விரும்புபவருக்கு, சிக்கல் எதுவானாலும், நபர்மைய முறை பொறுமையைச் சோதிக்கும்.

விடைபெறுதல்

எத்தனை அமர்வு என்பதற்கு ஒரே விடை கிடையாது. பொது மருத்துவச் சேவையிலும் தொண்டு நிறுவனங்களிலும் எண்ணிக்கை முன்கூட்டியே வரையறுக்கப்படும். தனியாரிடம் துணைநாடியே முடிவு செய்கிறார். இடையிடையே இதுவரை எப்படிப் போகிறது என்று இருவரும் மதிப்பிட்டுக்கொள்வார்கள். முடிவுக்கான அறிகுறிகளும் பெரும்பாலும் துணைநாடியிடமிருந்தே வருகின்றன: வாரத்தின் சிக்கலை அறைக்கு வருமுன்பே தானாக எடுத்துப் பார்த்துவிடுவது, பிறர் என்ன நினைப்பார்கள் என்பதைவிடத் தனக்கு என்ன தோன்றுகிறது என்பதில் நிற்பது, உளவளத்துணைக்கு வெளியே நண்பர்களிடமும் குடும்பத்திடமும் திறந்து பேச முடிவது.

முடிவைத் திடீரென அறிவிக்காமல் சில வாரங்கள் முன்பே பேசி வைப்பது நடைமுறை. முன்னர் இழப்புகளைச் சந்தித்தவருக்கு இந்தப் பிரிவும் வலிக்கலாம். அதையும் சேர்த்துப் பேசவே அந்தக் கடைசி வாரங்கள். வந்த சிக்கல் முழுவதும் தீர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. தன் அனுபவத்தைத் தானே நம்பி முடிவெடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் மிச்சத்தைத் துணைநாடி தானே பார்த்துக்கொள்வார் என்பது இம்முறையின் எதிர்பார்ப்பு. பிறகு தேவைப்பட்டால் திரும்பி வரவும் தடையில்லை.